தொழிற்சாலை வாசலுக்கு ஒன்பது நிமிடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சுகம். முதுகுவலி இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது கூடவே வருவதுதான். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் உங்களோடு பேசலாம் என்றுதான் போன் செய்தேன். அண்ணன் பிடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பந்தயத்தில் யார் யாரை இடறிவிட்டார்கள் என்று அரைமணி நேரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு முந்தைய மாதமும் அதே கதை. இனிமேல் கடிதம்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிற அண்ணிக்குக் கடிதம் எழுதுவது பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது, இருந்தாலும் துணிந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதியே என் மேசைக்கு வந்துவிட்டது அண்ணி! நகரத் திட்ட அலுவலகத்தில் பதினாறு வருஷமாக ஊர் ஊராகக் கோடு போட்டவளுக்கு, பிறந்து வளர்ந்த தெருவையே கொடுத்திருக்கிறார்கள். மூடிக்கிடக்கிற சோப்புத் தொழிற்சாலை நிலத்தில் குறைந்த வாடகைக்கு முந்நூறு வீடுகள். கூரையில் சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி, தெருவெல்லாம் மரம், சுற்றிச் சுற்றி வருகிற மின்சார பஸ். வரைபடம் இப்போது காகிதத்தில் இல்லை, திரையில். பஸ் நிறுத்தத்தை விரலால் இழுத்து ஓர் இடத்தில் வைத்தால், அங்கே பத்து நிமிடத்துக்குள் நடந்து வரக்கூடிய வீடுகள் எல்லாம் பச்சையாகிவிடும். தரையில் கொட்டின தண்ணீர் ஓடுகிற மாதிரி பச்சை தெருத் தெருவாக ஓடும். மூலையில் செலவு ஏறி இறங்கும். குடியிருப்பவர்களும் தங்கள் போனில் திறந்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று குறி வைக்கலாம்.

ஒரே ஒரு உறுத்தல். நடை வேகத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். எந்த ஊர்க் காலோ, யார் கண்டது? எனக்கு நம் தெருக் கால் வேண்டும். நீங்கள் அச்சகத்துக்கு நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று தெருவே சொல்லும். உங்கள் மூன்றாம் மாடி வாசலிலிருந்து தொழிற்சாலை வாசல், ஆஸ்பத்திரி, கடைவீதி மூன்றுக்கும் நடந்து, நேரம் பார்த்து எழுதுங்கள். நீங்கள் சொல்கிற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். மார்ச்சில் நேரில் வரலாம் என்றும் இருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 15

என் வரைபடக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு பிழை. சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். எனக்கு உடம்புக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் அண்ணன் பிள்ளைகளை ஓடவிட்டுத் தானும் ஓடி, சாயங்காலம் வந்து 'அப்பாடா' என்று விழுகிறார். உன் முதுகுக்கு ஒரு தலையணை வை, வலி வந்த பிறகு வைக்கலாம் என்று இருக்காதே.

உன் வரைபடத்தைப் போனில் திறந்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அடேயப்பா, என்ன கூத்து! நம் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு முடிதிருத்தும் கடை உண்டே, அதில் ஒருவர் மற்றவர் கடைமேல் குறி வைத்து 'இங்கே பொதுக் கழிப்பறை கட்டலாம்' என்று எழுதியிருக்கிறார். அவர் சும்மா இருப்பாரா? பதிலுக்கு இவர் கடைமேல் 'குப்பைக் கிடங்கு'. இன்னொருவர் 'பக்கத்து வீட்டு நாய் ராத்திரி பகல் குரைக்கிறது, நான் சொன்னதாகத் தெரியக்கூடாது' என்று எழுதி, கீழே தன் கதவு எண்ணையும் கொடுத்திருக்கிறார். உன் அலுவலகத்தில் இதையெல்லாம் படிக்கச் சம்பளமும் கொடுக்கிறார்களா?

நீ கேட்டது: தொழிற்சாலை வாசல் ஒன்பது நிமிடம். ஆஸ்பத்திரி பன்னிரண்டு. கடைவீதி ஏழு. படி இறங்குகிற நேரமும் சேர்த்துத்தான்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தால், தெருவில் வழுக்கை பெருகிவிட்டது தெரிகிறது. பழக்கடைக்காரருக்கு நடு மண்டையில் நன்றாக ஒரு தட்டு அகலத்துக்கு விழுந்திருக்கிறது, பாவம், அவருக்கே தெரியுமோ என்னவோ. அச்சகத்து முதலாளி இப்போது பக்கங்களை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது மரியாதை தெரிந்ததே.

மார்ச்சில் வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், நிற்க இடம் இருக்காது.

அண்ணி


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

முதுகுக்குத் தலையணை வைத்தாயிற்று, வலியும் பாதி குறைந்தது. நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம்.

உங்கள் கால்களுக்கு ஒரு கும்பிடு! புத்தகம் தொழிற்சாலை வாசலுக்குப் பத்து நிமிடம் என்றது. விளிம்பில் நிற்கிற எண்ணை நம்பி ஒரு நிறுத்தத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை, ஒரு மாதமாகத் திணறிக்கொண்டிருந்தேன். உங்கள் ஒன்பதைப் போட்டேன். நம் தெரு மூலைமுடுக்கெல்லாம் பச்சை! நம் தெருமுனை பஸ் நிறுத்தம் இனித் தேவையே இல்லை. பஸ் உள்ளே வளைந்து வராமல் நேரே தொழிற்சாலை வாசலுக்குப் போய்விடும். அதில் மிச்சமாகிற பணத்தில் இன்னும் இருபத்தெட்டு வீடு கட்டலாம். எங்கள் தலைமை அதிகாரி, பாராட்டினால் வரி கட்டவேண்டும் என்று பயப்படுகிற ஆள், அவரே "பரவாயில்லையே" என்றார். நான் அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தனியாகவே சாப்பிட்டேன். ஏப்ரல் முப்பதாம் தேதி குழுவில் ஓட்டெடுப்பு.

இன்னும் சின்னச் சின்னச் சந்தேகங்கள். லாரி எடைமேடை முன்னால் நடைபாதை சரியாக இருக்கிறதா? தொழிற்சாலை மதில் ஓரம் காலையில் நிழல் உண்டா? சாக்கடை நாற்றம் இன்னும் இருக்கிறதா? நீங்கள்தான் தினமும் அந்த வழியாகப் போகிறவர், நீங்கள் சொன்னால் நான் அப்படியே குறித்துக்கொள்வேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 24

என் வரைபடக்காரிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆயிரம் பக்கச் சட்டப் புத்தகம் ஒன்று வந்து தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதினவருக்கு முற்றுப்புள்ளி என்றால் என்னவென்றே தெரியவில்லை. நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு, ஐஸ்கிரீம் சாப்பாடு ஆகாது.

தெருமுனை நிறுத்தத்தை எடுப்பதாக எழுதியிருந்தாய். நல்லது. வீடில்லாத இருபத்தெட்டுக் குடும்பத்துக்கு வீடு கிடைக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்.

உன் சந்தேகங்களுக்குப் பதில். நிழல்: மரங்களின் உச்சி நன்றாகப் பச்சையாக இருக்கிறது. நடைபாதை: நடைபாதை மாதிரி இருக்கிறது. நாற்றம்: மேலே வரவில்லை.

முடிதிருத்துகிறவர்கள் சண்டை முற்றிவிட்டது. ஒருவர் கடைக்கு முன்னால் ஒரு தொட்டிச் செடி வைத்து, வரைபடத்தில் 'பூங்கா' என்று குறி வைத்தார். மற்றவர் இரண்டு தொட்டி வைத்து 'காடு' என்று போட்டுவிட்டார். உன் அண்ணன் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். மறந்துபோயிற்று. ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நலம், நலம் அறிய ஆவல். நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். உன் அண்ணிக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில், விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஒன்பது நிமிடம் உன் அண்ணி நடந்தது இல்லை. நான் நடந்தது. முப்பது வருஷம் பந்துக்குப் பின்னால் ஓடின நடுவர் நான். எனக்கு நடக்கவே தெரியாது; ஒன்று ஓட்டம், இல்லாவிட்டால் தூக்கம். அவள் ஜன்னலில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய் தொழிற்சாலை வாசலைத் தொட்டு, போனில் 'தொட்டாச்சு' என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியும் கடைவீதியும் அப்படியேதான். விளையாட்டில் இதற்குப் பெயர் ஆள்மாறாட்டம். எனக்கு நானே சிவப்பு அட்டை காட்டிக்கொள்கிறேன்.

அக்டோபரில் மழை ஈரத்தில் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல். அது கூடிவிட்டது. டாக்டர், "கோல் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடங்க, நடந்தாத்தான் கால் பழகும்" என்கிறார். வீட்டுக்குள் நடக்கிறாள். ஆனால் ஆறு மாதமாகப் படி இறங்கவில்லை. கேட்டால், "இந்தத் தெருவுல எல்லாரையும் முந்திக்கிட்டுப் போனவ நான். இப்ப கோல் ஊனிக்கிட்டு நொண்டச் சொல்றீங்களா?" என்கிறாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். நீ போன் செய்தால் நான் ஏன் பிடுங்கிக்கொண்டேன் என்று நினைத்தாய்? அவள் கண்ஜாடை காட்டுவாள், நான் பந்தயக் கதை சொல்வேன். நடக்காத பந்தயத்தையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். தெருமுனை நிறுத்தம் எங்கள் கீழ்வாசலிலிருந்து அறுபது அடி. அந்த அறுபது அடி நடந்துவிட்டால் பஸ் ஏறி அச்சகத்துக்குப் போகலாம் என்று டாக்டரே சொன்னார். அவளும் மனதுக்குள் அதைத்தான் வைத்திருந்தாள். "வெயில் கொஞ்சம் தணியட்டும், பாக்கலாம்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். நீ நிறுத்தத்தை எடுக்கப்போவதாக எழுதின நாளிலிருந்து அந்தப் பேச்சே இல்லை. அது போய்விட்டால் அவள் கீழே இறங்கவே மாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது தங்கச்சி. ஏதாவது செய். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அங்கே வெயில் அதிகம் என்று படித்தேன், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ஒரு தவறு நடந்துவிட்டது, என் தவறு. ஒன்பது நிமிடத்தை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். வேகமாக நடக்கிற ஒருவரின் நேரத்தை வைத்துத் தெரு முழுவதற்கும் பச்சை பூசினது என் முட்டாள்தனம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தலைமை அதிகாரியிடம் போய், "சார், அந்த எண் தப்பு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓட்டெடுப்பை ஜூன் ஆறுக்குத் தள்ளிவைத்திருக்கிறார். அதற்குள் நடந்து பார்த்த எண் வேறு வராவிட்டால் புத்தகத்தின் பத்துதான் நிற்கும், தெருமுனை நிறுத்தம் போகும்.

உங்களுக்குத் தெரிந்து மெதுவாக நடக்கிறவர்கள் யாராவது நம் தெருவில் இருந்தால் சொல்லுங்கள். வயதானவர், அடிபட்டவர், யாராக இருந்தாலும் சரி. அவர் தொழிற்சாலை வாசல் வரை போய், எத்தனை நிமிடம் ஆயிற்று, எங்கெங்கே உட்கார்ந்தார் என்று சொன்னால் போதும். அவசரம் ஒன்றுமில்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 17

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, பத்து தடவை அடித்து எழுதியிருக்கிறாய் என்று. 'மெதுவாக நடக்கிறவர்கள் யாராவது' - முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு இன்னும் பயிற்சி வேண்டும். உன் அண்ணனைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், நான் கேட்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ஆமாம், விழுந்தேன். ஆமாம், பொய் சொன்னேன். முப்பது வருஷமாக அடுத்தவர் பிழைக்குச் சுழி போட்டவள் என் பிழையை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, போதுமா? ஆனால் ஊர் பார்க்க நொண்டிக்கொண்டு போய் உன் வரைபடத்துக்கு எண் வாங்கிவர என்னால் முடியாது. வேறு காலைத் தேடிக்கொள்.

நீ சுகமாக இரு. பதில் எழுதவேண்டாம்.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். இருபத்தைந்து நாள் எழுதாமல் இருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம், அண்ணி. விழுந்ததை மறைத்ததற்குக்கூட இல்லை. உங்கள் நிறுத்தத்தை என் கையாலேயே எடுக்கவைத்தீர்களே, அதற்கு. 'நல்லது' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த நிறுத்தத்தை எடுத்த சந்தோஷத்தில் நான் ஐஸ்கிரீம் தின்றேன்! அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினவர் நீங்கள். நீங்கள் ஓடினால் எனக்கென்ன, நொண்டினால் எனக்கென்ன? என்னிடமுமா வீராப்பு?

இன்னொன்று. நம் பகுதியில் ஆயிரத்து நூறு வீடு. வரைபடத்தில் குறி வைத்தது எழுநூறு வீடு. மீதி நானூறு வெறுமையாகக் கிடந்தது. குறை இல்லாதவர்கள் போல என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். போன வாரம் நம் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்து அந்தக் கதவு எண்களைப் படித்துக் காட்டினேன். "அதுல பாதி வீட்ல யாராவது ஒருத்தர் படி எறங்காம இருக்காங்கம்மா. மருந்து குடுக்க நாங்கதான் மேல போறோம்" என்றார். நீங்கள் மட்டும் இல்லை அண்ணி. வெளியே வராதவர்களை யாரும் கேட்கவும் இல்லை, அவர்களும் சொல்லவில்லை. நானும் பச்சை பூசிவிட்டேன்.

அலுவலகத்தில் என் பாடு மத்தளம்தான், இரண்டு பக்கமும் இடி. வீட்டுப் பிரிவுக்காரர்கள் நிறுத்தத்தை எடு என்கிறார்கள், பஸ் பிரிவுக்காரர்கள் காரணம் காட்டு என்கிறார்கள். நர்ஸ் சொன்னது பேச்சு. குழுவில் பேச்சு எடுபடாது, நிமிடம்தான் எடுபடும். உங்களிடம் கெஞ்சவில்லை. ஜூன் ஆறாம் தேதி என் கையில் எண் இல்லாவிட்டால் நிறுத்தம் போகும். அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் நாத்தனார்


மே 29

என் வரைபடக்காரிக்கு,

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். முப்பத்தொரு நிமிடம். நானே நடந்தேன். படி இறங்க மட்டும் எட்டு.

உன் கடிதம் வந்து பத்து நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் கோபம் எதற்கு என்று யோசித்தேன், காரணம் ஒன்றும் தோன்றவில்லை. நேற்றுக் காலை ஆறரைக்கு, தெருவில் ஆள் இருக்காது என்று இறங்கினேன். உன் அண்ணன் மூன்று அடி பின்னால் வந்தார். வாயில் விசில். "ஊதினீங்கன்னா அப்படியே திரும்பிடுவேன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். பாவம், வழி முழுக்க ஊதாமல் மென்றுகொண்டே வந்தார்.

ஆள் இருக்காது என்று நினைத்தது தப்பு. இந்தத் தெரு ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது என்பதை மேலே இருந்து பார்த்துப் பார்த்தும் மறந்துவிட்டேன். முடிதிருத்துகிறவர் என்னைப் பார்த்ததும் கடைக்குள் ஓடி, நாற்காலியைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டார். உட்கார்ந்தேன். எதிர்க்கடைக்காரருக்குப் பொறுக்குமா? அவரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது மெத்தை வச்சதும்மா" என்றார். சண்டை வேண்டாம் என்று அதிலும் இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். அந்த இரண்டு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளாதே, நாகரிகமும் நடையில் சேர்ந்ததுதான்.

எடைமேடை முன்னால் நடைபாதையே இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை, அதைத் தாண்ட ஒரு லாரி டிரைவர் கை கொடுத்தார். உட்கார ஒன்றும் இல்லை, அந்த இடத்தில் கொஞ்சம் கண் இருட்டியது. மதில் ஓரம் காலையில் நிழல் கிடையாது. மரங்கள் எல்லாம் உள்பக்கம் நிற்கின்றன, நிழல் சோப்புக்குத்தான் விழுகிறது, நமக்கில்லை. அங்கே காவல்காரர் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். சாக்கடை நாறுகிறது, நன்றாகவே நாறுகிறது. மார்ச் கடிதத்தில் எழுதினதை அடித்துவிடு.

ஒன்று சொல்லட்டுமா? ஒருவரும் சிரிக்கவில்லை. எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஆறேழு மாதம் உள்ளேயே கிடந்தேனோ, அது வரவே இல்லை. பழக்கடைக்காரர், "எங்கம்மா, வெளியூர் போயிருந்தீங்களா? ஆளையே காணோம்" என்றார். அவ்வளவுதான். அவரவருக்கு அவரவர் பாடு. நான் வீணாக எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வழியில் நின்று அழுதேன். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மதிலை ஆராய்ச்சி செய்தார்.

திரும்பி வரும்போது எதிர்க் கட்டடத்து அம்மா, டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நாலு கால் கோலோடு வாசலில் நின்றார். "நீங்க எறங்கினதை ஜன்னல்ல பார்த்தேன். நாமளும் எறங்குவோமேன்னு வந்துட்டேன்" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாம். இன்று காலை அவரையும் நடக்கவைத்து, நானே கடிகாரம் பார்த்தேன். நாற்பத்துநான்கு நிமிடம். உட்கார்ந்த இடம் ஆறு. எல்லாவற்றையும் தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டு தடவை சரிபார்த்தாயிற்று. பிழையில்லை. அச்சுக்கு அனுப்பலாம்.

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது, சுகமாகத்தான் இருக்கிறது. நீ நலமா?

அண்ணி


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். உங்கள் கால் வலி குறைந்ததா? அந்த அம்மாவுக்கும் என் வணக்கம்.

ஆறாம் தேதி நடந்ததைக் கேளுங்கள். புத்தகத்தின் பத்தை முதலில் போட்டுக் காட்டினேன். திரை முழுக்கப் பச்சை, எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் உங்கள் முப்பத்தொன்றைப் போட்டேன். பச்சை சுருங்கிச் சுருங்கி, தொழிற்சாலை வாசலில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு நின்றுவிட்டது. தலைமை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது யாரோட வேகம்?" என்றார். வாய் தவறி, "எங்க அண்ணி வேகம் சார்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அதை வைத்தே ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

தெருமுனை நிறுத்தம் இருக்கும்! தொழிற்சாலை வாசலிலும் ஒன்று வரும். எடைமேடைக் கட்டையை உடைத்துச் சரிவாக்குகிறார்கள். நீங்களும் அந்த அம்மாவும் உட்கார்ந்த எல்லா இடத்திலும், கண் இருட்டின இடத்திலும், நிழலோடு இருக்கை. ஜூலை முதல் தேதியிலிருந்து பஸ்ஸும் இருக்கைகளும் ஒத்திகை பார்க்கப் போகிறார்கள்.

எல்லாம் இனிப்பு இல்லை. இருபத்தெட்டு வீட்டில் பதினேழு கைநழுவிவிட்டது. அது என் மனதை அரிக்கிறது, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வேறு நிலத்தில் அவற்றை மீட்க முடியுமா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அனுமதி வேண்டும். வரைபடத்தில் இப்போது வேகத்துக்கு இரண்டு பொத்தான். ஒன்று 'புத்தக வேகம்'. இன்னொன்றுக்கு அலுவலகத்தில் எல்லாரும் 'அண்ணி வேகம்' என்றே சொல்கிறார்கள். நேற்று வேறு ஊர்த் திட்டம் ஒன்று வந்தது. தலைமை அதிகாரியே, "மொதல்ல அண்ணி வேகத்துல போட்டுக் காட்டுங்க" என்கிறார்! அந்தப் பெயரையே நிரந்தரமாக்கலாமா?

ஜூலை பத்தாம் தேதி வருகிறேன். வெள்ளையடித்தாலும் சரி, வீட்டையே இடித்தாலும் சரி. அதற்குமுன் விவரமாக எழுதுங்கள்: இருக்கை உயரம் சரியா? எழுந்திருக்கக் கைப்பிடி எட்டுகிறதா? பஸ் படி எத்தனை அங்குலம்? மழை பெய்தால் எங்கே ஒழுகுகிறது? பின்பக்கத் தாளில் பதினாறு கேள்வி இருக்கிறது, ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 5

என் வரைபடக்காரிக்கு,

நலம். நீயும் நலமாகவே இரு, விசாரிக்க நேரமில்லை.

உன் பதினாறு கேள்விக்கும் வரிசையாகப் பதில் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கீழே டெலிபோன் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றுகொண்டு, "பஸ் வந்துரும், எறங்குங்க" என்று கத்துகிறார்கள். எனக்குப் படி இறங்கவே எட்டு நிமிடம். பொத்தானுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

பத்தாம் தேதி வா. நான் வீட்டில் இல்லாவிட்டால் மேலே உட்கார்ந்து காத்திருக்காதே, தெருவில் தேடு.

அண்ணி